மிச்சத்தின் எடை

"அத அப்படியே கீழ வை."

சமையலக்கா கையில் கரண்டியோடு நின்றாள். அவளுடைய தூக்குச்சட்டி மேடைமேல் வாய் திறந்து இருந்தது. ஒரு கரண்டிச் சோறு உள்ளே விழுந்துவிட்டது; இரண்டாவது கரண்டி பாதி வழியில் நின்றது. மதியம் இரண்டு மணி. வேலை முடிந்து கிளம்பும் நேரம். எட்டு வருஷமாக இதே நேரத்தில் இதே மேடையில் இதே காரியத்தைத்தான் அவள் செய்துவந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"எதம்மா?"

"கையில இருக்கறதத்தான். தூக்குல போட்டதையும் திரும்பப் பாத்திரத்துல கொட்டு. இன்னிலேருந்து மிச்சமெல்லாம் தெருமுனை ஃபிரிட்ஜுக்குப் போகுது. எடை போடணும்."

வக்கீலம்மா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் வக்கீல் அல்ல. வக்கீல் அவள் புருஷன். ஆனால் கோர்ட்டில் அவர் வாங்காத தீர்ப்பையெல்லாம் வீட்டில் இவள் கொடுத்துவிடுவாள். போதாததற்கு தெருச் சங்கத்தின் தலைவி வேறு. அவள் கையில் புதுத் தராசு ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் தட்டு வைத்த சின்னத் தராசு. கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கொன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"அம்மா, இது எப்பவும் நான் எடுத்துட்டுப் போறதுதானே?"

"எப்பவும் எடுத்தா? அது அப்போ. இப்ப தெருவே ஒரு நல்ல காரியத்துல இறங்கியிருக்கு. நீ ஒருத்தி எடுத்துட்டுப் போறதுக்கு நாலு பேர் வயிறு நெறையட்டுமே."

சமையலக்கா தூக்கைக் கவிழ்த்தாள். சோறு பாத்திரத்தில் போய் விழுந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்துப் போட்டாள். அதையும் வக்கீலம்மா நின்று பார்த்தாள். தராசில் எடை ஒன்றே முக்கால் கிலோ காட்டியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எதிர் வீட்டில் ஒரு கிலோகூடத் தேறவில்லையாம்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த மிச்சம் வக்கீலம்மா போட்ட பிச்சை அல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்று, சமையலக்கா கேட்ட சம்பளத்துக்கும் வக்கீலம்மா கொடுப்பதாகச் சொன்ன சம்பளத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தை வக்கீலம்மா ஒரே வாக்கியத்தில் நிரப்பினாள். "மிச்சம் மீதியெல்லாம் உனக்குத்தான்மா, கொஞ்சம் தாராளமாவே சமைச்சுக்கோ, சாயங்காலம் உன் வீட்டுல அடுப்பே பத்தவைக்க வேண்டாம்." சமையலக்காவும் யோசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆக, அது கூலி. காகிதத்தில் எழுதாத கூலி. எழுதாதது என்பதாலேயே அதைப் பிடுங்குவது இவ்வளவு சுலபமாக இருந்தது.

எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரியிலிருந்து ஏழெட்டுப் பிள்ளைகள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊரில் பாதிப் பேர் அரை வயிற்றோடு படுக்கிறார்கள், இந்தத் தெருவிலோ தினமும் சாப்பாடு வீணாகிறது, இரண்டையும் சேர்த்துவைத்தால் என்ன என்பது அவர்கள் யோசனை. நல்ல யோசனைதான். பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான். வெயிலில் அலைந்து முகம் கறுத்துப்போய் நின்றதை சமையலக்காவே ஜன்னல் வழியாகப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். ஆனால் அவர்கள் வீடு வீடாகப் போய் மணியடித்தது முன்வாசலில். கதவைத் திறந்தவர்களிடம் பேசினார்கள், எழுதிக்கொண்டார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். பின்வாசல் பக்கம் ஒருவர்கூட வரவில்லை.

பிறகு தெருமுனையில், வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், கூல்டிரிங்ஸ் கடையில் பழசாகிப்போன கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று வந்து இறங்கியது. பச்சை பெயிண்ட் அடித்தார்கள். மேலே 'பசியில்லாத் தெரு, குப்பையில்லாத் தெரு' என்று பேனர் கட்டினார்கள். எந்த வீட்டிலிருந்து எவ்வளவு கிலோ வருகிறதோ அதற்கேற்ப அந்த வீட்டு கேட்டில் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஐந்து இலை வாங்கினால் முதல் இடம். இந்த இலைதான் தெருவைப் பைத்தியமாக்கியது. காரை எங்கே நிறுத்துவது என்று ஜென்மப் பகையாக இருந்தவர்கள் இப்போது இலை எண்ணிப் பகை வளர்த்தார்கள்.

தராசும் கையுமாக அலைந்த நெட்டைப் பையனுக்கு சமையலக்கா வைத்த பெயர் தராசுத் தம்பி. எந்நேரமும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்த பெண் நோட்டுப் பாப்பா. பெயர் வைத்தபோது சமையலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இன்று காலித் தூக்கைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனையைக் கடக்கும்போது, அந்தத் தம்பி அவள் சமைத்த சோற்றை மறுபடி எடைபோட்டுக் கொண்டிருந்தான். அவளுக்கு சிரிப்பு வரவில்லை.

*

மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை பல் டாக்டர் கிளினிக்கில் தரை துடைக்கும் வேலை. அதையும் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், தூக்கைத் திறந்து பார்ப்பது மகளின் வழக்கம். ஒன்பதாவது படிக்கிறாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓடிவந்து பையைப் பிடுங்கினாள்.

"என்னம்மா, காத்து மாதிரி இருக்கு?"

"இருக்குடி. அரிசி போடறேன். கொஞ்சம் பொறு."

புருஷன் சுவரோரமாகப் படுத்திருந்தான். லாரியில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவன். போன வருஷம் முதுகுத் தண்டில் அடிபட்டதிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் எழுந்தால் உட்காரவும் ஆள் வேண்டும்.

"ஏன், விருந்தாளி வந்து தின்னுட்டாங்களா?" என்றான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினான்.

"பசிச்சவங்களுக்குத்தானே குடுக்கறாங்க. நாமளும் பசிச்சவங்கதானே. போய் வாங்கிக்கலாமில்ல?"

"நாலு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் தொறப்பாங்களாம். அந்நேரம் நான் கிளினிக் பாத்ரூம் கழுவிட்டிருப்பேன்."

"நான் போறேன்மா," என்றாள் மகள். "ஸ்கூல் விடறது நாலு மணிக்குத்தானே."

"வேண்டாம். அம்மா சமைச்சத பொண்ணு வரிசையில நின்னு வாங்கணுமா? வேண்டவே வேண்டாம்."

அவள் வேண்டாம் என்றாள். ஆனால் மூன்றாம் நாள் வீட்டில் அரிசி டப்பாவைத் தட்டிக் கவிழ்த்தபோது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் பள்ளிச் சீருடையோடு, முதுகில் பையோடு, அந்தப் பச்சை ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றுவிட்டாள். அவளுக்கு முன்னால் ஐந்து பேர்: இஸ்திரிக்காரர், இரண்டு டிரைவர்கள், நாலாம் வீட்டில் பாத்திரம் கழுவுகிற அம்மா, ஒரு தோட்டக்காரர். ஒருவருமே வெளியாள் இல்லை. அந்தத் தெருவுக்கே உழைக்கிற ஆட்கள். இத்தனை நாள் அந்தந்த வீட்டுப் பின்வாசலில் சாப்பிட்டவர்கள்தான் இப்போது தெருவில் வரிசைகட்டி நின்றார்கள்.

தராசுத் தம்பி அவள் கையில் டப்பாவைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தான். "கொஞ்சம் சிரிம்மா," என்றானாம். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் தெருச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் 'இன்றைய புன்னகை' என்று போட்டுவிட்டான்.

*

மறுநாள் காலை சமையலக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் வக்கீலம்மா போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது யாரு?"

சமையலக்கா பார்த்தாள். மகளின் கையில் டப்பா இருந்தது. டப்பாவின் மேல் வக்கீல் வீட்டு எண் எழுதிய ஸ்டிக்கர். அவள் நேற்று சமைத்த கறி.

"என் பொண்ணும்மா."

"என் மானத்த வாங்கிட்டீங்களே, அம்மாவும் பொண்ணுமா. எட்டு வருஷமா என் வீட்டுல வேலை பாக்கறவளோட பொண்ணு தெருவுல சோத்துக்கு நிக்குதுன்னா, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? நான் உன்ன பட்டினி போட்டேனா? சம்பளம் குடுக்கலையா?"

"சம்பளத்தோட சேத்து மிச்சமும் குடுத்தீங்கம்மா. அத நிறுத்திட்டீங்க. அதான் அது போய் நின்னுச்சு."

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு."

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. கூடிக் கலைந்தபோது ஃபிரிட்ஜின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'இத்தெருவில் பணிபுரிவோர் இதிலிருந்து உணவு எடுக்க அனுமதி இல்லை. இது உண்மையான ஏழைகளுக்கு மட்டும்.' ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் சங்கத்து மீட்டரிலிருந்து வருகிறது. அதனால் பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. தராசுத் தம்பி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தானாம். வக்கீலம்மா, "திட்டம் நடக்கணுமா வேண்டாமா?" என்று கேட்டதும் மென்று விழுங்கிவிட்டானாம். வாட்ச்மேன் வந்து சொன்னார். வரிசையில் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு டப்பா அவருக்கும் கிடைத்துவந்தது. இப்போது அதுவும் போனது.

உண்மையான ஏழை என்றால் யார்? எங்கோ தொலைவில், முகம் தெரியாமல், பெயர் தெரியாமல் இருக்க வேண்டும். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பவளாக இருந்தால் அவள் ஏழை அல்ல, வேலைக்காரி. அவளுக்குப் பசிப்பது எஜமானிக்கு அவமானம். அந்தக் காகிதத்தை ஒட்டியவர்கள் இதை வெட்கமில்லாமல் நம்பினார்கள்.

அந்த உண்மையான ஏழைகள் வரவில்லை. எப்படி வருவார்கள்? மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து, வாட்ச்மேனிடம் பெயர் எழுதி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, ஒரு டப்பா சோறு வாங்கிக்கொண்டு திரும்பி நடக்க எவனுக்குப் பொழுது இருக்கிறது? டப்பாக்கள் ஃபிரிட்ஜில் அடுக்கடுக்காக நின்றன. மூன்று நாளானதும் பிள்ளைகள் எடுத்து உரத்தொட்டியில் கொட்டினார்கள். கொட்டும்போதும் எடை போட்டார்கள். உள்ளே வரும்போது 'காப்பாற்றிய உணவு', வெளியே போகும்போது 'இயற்கை உரம்'. ஒரே சோறு இரண்டு தடவை பேர் வாங்கியது, ஒரு வாயிலும் போகாமல்.

பத்து நாள் கழித்து அந்த உரத்தில் ஒரு பக்கெட் வக்கீல் வீட்டுக்கு வந்தது. மொட்டை மாடியில் தக்காளித் தொட்டி வைத்திருந்தாள் வக்கீலம்மா. பக்கெட்டை மேலே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாள். பாதிதான் மக்கியிருந்தது. சமையலக்கா கைவிட்டுக் கிளறியபோது அடியில் கேரட் துண்டுகள் தெரிந்தன. சாய்வாக, ஒரே அளவில் வெட்டிய துண்டுகள். அந்தத் தெருவில் கேரட்டை அப்படி வெட்டுகிறவள் அவள் ஒருத்திதான். தன் கைவேலையைத் தானே அடையாளம் கண்டுகொண்டு அவள் மாடியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று மகள் பள்ளியில் மயங்கி உட்கார்ந்ததாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் இந்தக் கேரட் இங்கே தக்காளிச் செடிக்காக அழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

*

அன்று மதியம் வக்கீலம்மா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்வாசல் பூட்டியிருந்ததால் நோட்டுப் பாப்பா முதல் தடவையாகப் பின்வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அம்மா இல்லையா? ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு."

"தூங்கறாங்க பாப்பா. வை, எழுந்ததும் வாங்கி வைக்கறேன். என்ன காகிதம் இது?"

"சர்வேக்கா. ஃபிரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டு மிச்ச சாப்பாடு எங்க போச்சுன்னு கேட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை எங்க பிரின்சிபால், பணம் குடுக்கற நிறுவனத்துலேருந்து ஒரு மேடம், எல்லாரும் வர்றாங்க. அதுக்குள்ள ரிப்போர்ட் முடிக்கணும்."

சமையலக்கா எட்டாவது வரை படித்தவள். காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டாமலேயே படித்தாள். கேள்விக்குக் கீழே நாலு கட்டம் இருந்தது. குப்பைத்தொட்டி. நாய், பூனை. சாக்கடை. தெரியாது. முதல் கட்டத்தில் வக்கீலம்மா பெரிதாக டிக் அடித்திருந்தாள்.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான் போட்டிருக்காங்களா?"

"இருபத்திரண்டு வீட்டுல பத்தொம்பது வீடு குப்பைன்னுதான்கா சொல்லியிருக்காங்க. அதனாலதான் நம்ம திட்டத்துக்கே..."

"பாப்பா, இந்த வீட்டு மிச்சம் எட்டு வருஷமா எங்க போச்சுன்னு நான் சொல்லட்டுமா?"

அவள் தூக்குச்சட்டியை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"இதுல போச்சு. என் பொண்ணோட உசரம், என் புருஷன் உயிரோட கெடக்கறது, எல்லாம் இதுலதான். எதிர் வீட்டு மிச்சம் அங்க சமைக்கறவ வீட்டுக்குப் போச்சு. நாலாம் வீட்டு மிச்சம் பாத்திரம் கழுவற அம்மாவோட மூணு பசங்களுக்குப் போச்சு. ஒரு பருக்கை குப்பைக்குப் போகல. குப்பைன்னு டிக் போட்டிருக்காங்களே, அது நாங்கதான்."

பாப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. நோட்டை அணைத்திருந்த கை தளர்ந்தது.

"எங்களுக்குத் தெரியாதுக்கா."

"கேக்கவே இல்லையே."

"அந்தக் கேள்விய நான்தான் எழுதினேன்," என்றாள் பாப்பா. "நாலு கட்டத்தையும் நான்தான் போட்டேன்."

சமையலக்காவுக்கு அந்தப் பெண்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் வீட்டிலும் ஒருத்தி சமைப்பாள் போலிருக்கிறது. அங்கேயும் மிச்சம் எங்கே போகிறது என்று இவள் கேட்டிருக்க மாட்டாள்.

மறுநாள் பாப்பா மீண்டும் பின்வாசலுக்கு வந்தாள். தராசுத் தம்பியிடம் பேசிவிட்டாளாம். ரிப்போர்ட் அச்சுக்குப் போய்விட்டது, இப்போது மாற்றினால் திட்டத்துக்கான பணமே நின்றுபோகும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றானாம்.

"அடுத்த வருஷம் வரைக்கும் வயித்த எங்க கழட்டி வைக்கறது பாப்பா?" என்றாள் சமையலக்கா.

அன்று வக்கீலம்மா காபி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து அவள் முன்னால் போய் நின்றாள்.

"மிச்சம் இனி எனக்கு இல்லன்னா சம்பளத்த புதுசா பேசணும்மா. அன்னிக்கு மிச்சத்த சேத்துத்தான் பேசினோம்."

"நல்லா இருக்கே. ஏழைக்குப் போற சோத்துக்கு நீ வாடகை கேக்கறியா? தர்மத்துக்குக் குறுக்க நிக்காத."

"தர்மத்த உங்க பங்குலேருந்து பண்ணுங்கம்மா. என் பங்குலேருந்து ஏன் பண்றீங்க?"

"நாலு பேருக்குப் போய்ச் சேர்றது பாத்து உனக்கு வயித்தெரிச்சல்."

"எரிச்சல் இல்லம்மா. வயிறுதான்."

வக்கீலம்மா காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

*

மறுநாளிலிருந்து சமையலக்கா அளவாகச் சமைக்க ஆரம்பித்தாள். வக்கீலுக்கு எவ்வளவு, அம்மாவுக்கு எவ்வளவு, வெளியூரிலிருந்து வாரக் கடைசியில் வரும் மகனுக்கு எவ்வளவு என்பது அவள் கைக்குத் தெரியும். எட்டு வருஷமாக வேண்டுமென்றே தாராளமாகப் போட்ட கை அது. குறைக்கத் தெரியாதா என்ன? வக்கீல் இரண்டாம் முறை கேட்டார், வந்தது. மூன்றாம் முறை கேட்கவில்லை. பாத்திரம் பளபளவென்று காலியானது. பஸ் ஸ்டாப்பில் எதிர் வீட்டுச் சமையல்காரியிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அவள் இன்னும் நாலு பேரிடம் சொன்னாள். யாரும் கோஷம் போடவில்லை. அரிசியை அளக்கும்போது ஒரு பிடி குறைத்தார்கள், அவ்வளவுதான்.

புதன்கிழமை ஃபிரிட்ஜில் இரண்டு டப்பா. வியாழக்கிழமை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்கு மட்டும் எரிந்தது.

"என்ன இது, மிச்சமே காணோம்?" என்று வக்கீலம்மா தராசைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தாள்.

"குப்பையில்லாத் தெருன்னு பேனர்ல போட்டிருக்கேம்மா. அதான் வீணாக்கல."

"நாளைக்கு அவங்க வர்றாங்க. காலையில பத்துப் பேருக்கு சேத்து சமை."

"சாப்பிட பத்துப் பேர் வர்றாங்களாம்மா?"

"சாப்பிட இல்ல. மிச்சத்துக்கு."

சமையலக்கா அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"மிச்சத்துக்குன்னு சமைச்சா அது மிச்சம் இல்லம்மா. பத்துப் பேர் சமையல். அதுக்குத் தனிக் கூலி."

வக்கீலம்மா போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் சாப்பாட்டுக் கடைப் பையன் வண்டியிலிருந்து இரண்டு பெரிய பைகளை இறக்கினான். சோறு, பருப்பு, கறி, முட்டை எல்லாம் பொட்டலம் பொட்டலமாக. அவற்றைப் பிரித்து வீட்டுப் பாத்திரங்களில் மாற்றும்படி உத்தரவு. மாற்றியதும், வீட்டில் சாப்பிட்டு மிஞ்சியதுபோல இருக்க வேண்டும் என்பதற்காக வக்கீலம்மாவே கரண்டியால் நடுவில் ஒரு குழி பறித்தாள். பொட்டலக் காகிதங்களை மடித்து பீரோவுக்குப் பின்னால் செருகினாள்.

"யாராவது கேட்டா நம்ம வீட்டு மிச்சம்னு சொல்லு. வேற ஏதாவது பேசினே, நாளைலேருந்து இந்தப் பக்கம் வர வேண்டாம். புரியுதா?"

"புரியுதும்மா."

புரிந்துதான் இருந்தது. வேலை போனால் பல் டாக்டர் கிளினிக் சம்பளம் வாடகைக்கே காணாது. புருஷனுக்கு மாத்திரை வாங்க வேண்டும். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். இத்தனையும் தெரிந்துதான் பாத்திரங்களைக் கூடையில் அடுக்கினாள். கூடையின் ஓரத்தில் தன் காலித் தூக்கையும் வைத்தாள்.

தெருமுனையில் கூட்டம். நாற்காலி போட்டிருந்தார்கள். கல்லூரி பிரின்சிபால், பணம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்த மேடம், சங்கத்து ஆட்கள், பச்சைச் சட்டைப் பிள்ளைகள். தராசுத் தம்பி மைக்கில் பேசினான்: ஒரு மாதத்தில் நானூற்று அறுபது கிலோ உணவு காப்பாற்றப்பட்டது, முன்பு இதில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். நோட்டுப் பாப்பா தட்டவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சமையலக்கா கூடையை இறக்கினாள். தம்பி ஒவ்வொரு பாத்திரமாக எடைபோட்டான். பதினோரு கிலோ. வக்கீலம்மா பக்கத்தில் வந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள். ஐந்தாவது இலை தயாராக இருந்தது.

வந்திருந்த மேடம் எழுந்து அருகே வந்தார். சிரித்த முகம்.

"நீங்கதான் இந்த வீட்டுல சமைக்கறீங்களா? ஒரே வீட்டுல இவ்வளவு மிச்சமா? இது முன்னாடியெல்லாம் குப்பைக்குத்தான் போகுமா?"

வக்கீலம்மா இருமினாள். தெரு முழுக்க சமையலக்காவின் வாயைப் பார்த்தது. அவள் கூடையின் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சமைக்கற வீட்டுல மிச்சம் வர்றதில்லங்க. இது காலையில கடையில வாங்கினது. நான்தான் பாத்திரத்துல மாத்தினேன். தொட்டுப் பாருங்க, இன்னும் சூடு ஆறல."

மேடம் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். பிரின்சிபால் தம்பியைப் பார்த்தார். தம்பி தராசைப் பார்த்தான்.

"பொய் சொல்றா. வேலைய விட்டு நிறுத்தினேன், அந்த ஆத்திரம்," என்றாள் வக்கீலம்மா. நிறுத்தவே இல்லையே, எப்போது நிறுத்தினாள் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது நிறுத்திவிட்டாள் என்பது சமையலக்காவுக்கு மட்டும் விளங்கியது.

விளங்கியதும் கூடையின் பிடியை விட்டாள். இதைவிட மோசமாக இனி என்ன வந்துவிடப் போகிறது? கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை ஒரு முறை படித்தாள். இத்தெருவில் பணிபுரிவோர். அந்தக் கட்டுப்பாடு இந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இல்லை. தூக்கை எடுத்துத் திறந்தாள். கரண்டியால் சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள், கறி வைத்தாள், மகளுக்கு ஒன்றும் புருஷனுக்கு ஒன்றுமாக இரண்டு முட்டை எடுத்து வைத்தாள். எல்லோரும் பார்க்கத்தான் போட்டாள். அவசரப்படவில்லை. மூடியை அழுத்தி மூடி, தூக்கைத் தராசுத் தட்டில் வைத்தாள்.

"எடை போடு தம்பி. உள்ள வர்றதெல்லாம் போடறியே, இதையும் போடு."

தம்பி எடையைப் பார்த்தான். பேனாவைத் திறந்தான். பாப்பாவிடமிருந்து நோட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினான், மறுபடி புரட்டினான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போறவங்களுக்கு நோட்டுல கட்டமே போடலக்கா," என்றான் மெதுவாக. "எதுல எழுதறதுன்னு தெரியல."

"அதுக்குக் கட்டம் இருக்கே தம்பி. பாப்பாகிட்ட கேளு, காட்டும். முதல் கட்டம். குப்பைன்னு போட்டிருக்கும். அதுலயே எழுதிக்கோ."

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. வக்கீல் வீட்டில் மதியச் சமையலுக்கு இன்னும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.